சின்னத் தொலைநோக்கியில் படம் எடுத்தால் கிரக நெபுலா (சாகும் நட்சத்திரம் உதறிய வாயுக் கூடு) ஏன் வெறும் புள்ளியாக வருகிறது? பெரிய தொலைநோக்கி வாங்கித்தான் ஆக வேண்டுமா?

வாங்காதீர்கள். இப்போதைக்காவது வாங்காதீர்கள்.

80 மி.மீ. தொலைநோக்கியில் ஓரியன் நெபுலா அழகாக வருகிறது, வளைய நெபுலாவை எடுத்தால் மட்டும் ஊதிப்போன நட்சத்திரம் மாதிரி ஒரு பச்சைப் புள்ளிதான் மிஞ்சுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதே கேள்வியை எனக்கு நானே கேட்டு, ஆமாம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டு, 8 அங்குல ஷ்மிட்-கேசக்ரேன் (ஆடியும் வில்லையும் சேர்ந்த வகைத் தொலைநோக்கி) ஒன்றை வாங்கி, கிட்டத்தட்ட ஒரு வருடத்தைத் தொலைத்தவன் நான். கேள்வியைப் பார்த்ததும் பழைய எரிச்சல் வந்துவிட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கருவி. குவிய நீளம் எவ்வளவு என்று நீங்கள் சொல்லவில்லை, 400 மி.மீ. என்று வைத்துக்கொள்கிறேன். கேமராவும் இப்போது பலரிடம் இருக்கும் 3.76 மைக்ரான் பிக்சல் வகை என்றே வைத்துக்கொள்கிறேன். பிக்சல் அளவை 206ஆல் பெருக்கி, குவிய நீளத்தால் வகுத்தால் ஒரு பிக்சலுக்குள் வானத்தின் எத்தனை ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) அடங்குகிறது என்று தெரியும். உங்களுக்கு ஏறக்குறைய 1.9 வரும். வளைய நெபுலாவின், அதாவது எம்57-இன் நீளமே சுமார் 85 ஆர்க்செகண்ட்தான். ஆக, 6000 பிக்சல் அகலமுள்ள படத்தில் அதற்குக் கிடைப்பது 44 பிக்சல். புள்ளியாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் 44 பிக்சல் என்பது ஒன்றுமே இல்லாததும் அல்ல. படத்தை மூன்று மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள், வளையத்தின் நடுவில் ஓட்டை தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் ஃபோகஸ் சரியில்லை, அல்லது எக்ஸ்போஷர் அதிகம். உங்கள் விஷயத்தில் இரண்டாவதாகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம். பரந்து கிடக்கும் நெபுலாக்களை எடுத்துப் பழகிய கை, எதைக் கண்டாலும் ஐந்து நிமிடம் ஷட்டரைத் திறந்து வைக்கும். என் கையும் அப்படித்தான் இருந்தது.

என் கதைக்கு வருகிறேன். புதுக் குழாயின் குவிய நீளம் 2032 மி.மீ., ஒரு பிக்சலுக்கு 0.38 ஆர்க்செகண்ட். முதல் குறியாகப் பூனைக்கண் நெபுலாவை, அதாவது என்ஜிசி 6543-ஐ எடுத்துக்கொண்டேன். அதன் பிரகாசமான நடுப்பகுதி 20 ஆர்க்செகண்ட்தான். உங்கள் குழாயில் 10 பிக்சல், என்னுடையதில் 50க்கு மேல் என்று கணக்குப் போட்டு மகிழ்ந்தேன். பழைய மவுண்ட் (வானத்தின் நகர்வுக்கு ஏற்பத் தொலைநோக்கியைத் திருப்பும் தாங்கி), மேலே சின்னக் கைடு ஸ்கோப் (ஒரு நட்சத்திரத்தைக் கேமராவால் கவனித்து, மவுண்ட் விலகினால் திருத்தச் சொல்லும் துணைத் தொலைநோக்கி), ஐந்து நிமிட எக்ஸ்போஷர். வந்ததெல்லாம் முட்டை. ஒவ்வொரு நட்சத்திரமும் முட்டை, எல்லா முட்டையும் ஒரே பக்கம் சாய்ந்து.

மவுண்ட்தான் குற்றவாளி என்று முடிவு கட்டினேன். திறந்து கிரீஸ் மாற்றினேன், கியர் இடைவெளியைத் திருகித் திருகிப் பார்த்தேன், போலார் அலைன்மென்ட்டை (மவுண்டின் அச்சை வானத் துருவத்துக்கு நேராக நிறுத்துவதை) ஒரே இரவில் மூன்று முறை செய்தேன். இத்தனைக்கும் விலகலைக் காட்டும் கைடிங் கிராஃப் அமைதியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. விவரம் தெரிந்த சிலரிடம் கேட்டபோது, இந்த மவுண்டுக்கு இந்தக் குழாய் பாரம் அதிகம், மேல் மாடலுக்குப் போய்விடுங்கள் என்றார்கள். நல்ல வேளை, அதற்குள் கையிருப்பு தீர்ந்திருந்தது.

மேகம் மூடிய ஓர் இரவு, வேலை இல்லாமல், ஒன்பது மணிக்கு எடுத்த முதல் படத்தையும் பத்து மணிக்கு எடுத்த கடைசிப் படத்தையும் மாற்றி மாற்றித் திரையில் ஓட்டினேன். நெபுலா 70 பிக்சல் நடந்து போயிருந்தது! (டிதரிங், அதாவது படத்துக்குப் படம் தொலைநோக்கியை வேண்டுமென்றே கொஞ்சம் நகர்த்துவதை, போடாமல் விட்ட சோம்பேறித்தனத்தால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை இது. போட்டிருந்தால் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.) கைடு கேமராவோ ஒன்றுமே நகரவில்லை என்று சாதிக்கிறது. அப்படியானால் நகர்வது கைடு ஸ்கோப்பேதான். வெளியே போய் அதன் ஃபோகஸ் குழாயை விரலால் லேசாக அழுத்தினேன். ஆடியது. பூட்டுத் திருகு அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது. தொலைநோக்கி சாயச் சாய, கேமராவின் எடைக்கு அதுவும் மெல்லத் தொங்கியிருக்கிறது. கணக்குப் பார்த்தேன்: ஒரு மணி நேரத்தில் 0.03 மி.மீ.கூட இல்லை, தலைமுடியின் கனத்தில் பாதிக்கும் குறைவு. அதற்காகவா அத்தனை கிரீஸ்!

திருகை இறுக்கியதும் முட்டைகள் உருண்டையாகிவிட்டன. ஆனால் நெபுலா? அதே வெள்ளைப் பொட்டு. அப்போதுதான் உறைத்தது. பூனைக்கண்ணின் நடுப்பகுதி சின்னது, ஆனால் அபாரப் பிரகாசம். ஐந்து நிமிடத்தில் பிக்சல் எல்லாம் நிரம்பி வழிந்துவிடுகிறது, போதாததற்குக் காற்றின் அசைவும் சேர்ந்து உள்ளே இருப்பதை அழித்துவிடுகிறது. அடுத்த தெளிவான இரவில் எக்ஸ்போஷரை 4 நொடியாகக் குறைத்து 1200 படம் எடுத்தேன். காற்று அசையாத நொடிகளில் விழுந்த 350-ஐ மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப்போட்டேன். மொத்தம் 23 நிமிட வெளிச்சம்தான். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து ஸ்டாக் செய்து முடித்தபோது, ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் கூடுகள் திரையில் வந்து நின்றன. இத்தனை மாதம் நான் எரித்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

இதைப் படித்துவிட்டு "அப்போ நீண்ட எக்ஸ்போஷரே வேண்டாமா" என்று யாராவது கிளம்பி வருவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. பூனைக்கண்ணைச் சுற்றி ஐந்து ஆர்க்மினிட்டுக்கும் (ஒன்று 60 ஆர்க்செகண்ட்) மேல் பரவிய ஒரு மங்கலான ஒளிவட்டம் இருக்கிறது. அதில் ஒரு திட்டை முன்பு தனிப் பொருள் என்று நினைத்து ஐசி 4677 என்று தனி எண்ணே கொடுத்திருந்தார்கள். அது வேண்டுமானால் மணிக்கணக்கில் எடுத்து, நடுப்பகுதியைத் தனியாகக் குட்டி எக்ஸ்போஷரில் எடுத்து, இரண்டையும் சேர்க்க வேண்டும். எஃப் ரேஷியோவா (குவிய நீளத்தை விட்டத்தால் வகுத்தது), விட்டமா, எது முக்கியம் என்ற சண்டைக்கும் என்னை இழுக்காதீர்கள், அதில் நட்பே முறிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஃபில்டர் பற்றியும் ஒரு வார்த்தை. 1864 ஆகஸ்டில் வானியலாளர் வில்லியம் ஹக்கின்ஸ், வெளிச்சத்தை நிறங்களாகப் பிரிக்கும் நிறமாலைமானியைத் திருப்பியது இதே பூனைக்கண் பக்கம்தான். நட்சத்திரங்களில் போல வானவில் பட்டை விரியவில்லை, பச்சையில் பளிச்சென்று கோடுதான் நின்றது. இன்னதென்று தெரியாமல் நெபுலியம் என்று ஒரு புதுத் தனிமத்தையே கற்பனை செய்தார்கள். இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன்தான் அது என்று 1927இல் இயற்பியலாளர் ஐரா போவன் கண்டுபிடித்த பிறகு நெபுலியம் காலாவதியானது. அந்தக் கோடு 500.7 நானோமீட்டர், ஹைட்ரஜனின் சிவப்பு 656.3. வெளிச்சத்தில் பெரும் பகுதி இப்படிச் சில கோடுகளிலேயே குவிந்திருப்பதால்தான், இரண்டை மட்டும் விடும் டூயல் பேண்ட் ஃபில்டர் போட்டால் நகர வெளிச்சத்திலும் நிலா வெளிச்சத்திலும் கிரக நெபுலாக்கள் தாக்குப்பிடிக்கின்றன. கேலக்ஸிக்கு இந்த வித்தை பலிக்காது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிறகு எடுத்த என் வளைய நெபுலா படத்தை ஓரத்தில் பெயர் போட்டு இணையத்தில் போட்டேன். யாரோ பெயரை வெட்டிவிட்டு, "கடவுளின் கண், 3000 ஆண்டுக்கு ஒருமுறைதான் திறக்கும், பத்துப் பேருக்கு அனுப்பவும்" என்று எழுதிச் சுற்றவிட்டிருக்கிறார்கள். இந்தக் கதை வழக்கமாக ஹெலிக்ஸ் நெபுலா படத்தோடு சுற்றும், அந்த வித்தியாசம்கூடத் தெரியாத ஆள். கடைசியில் அது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கே வந்தது. அனுப்பியவர் என் சித்தப்பா. "உன் டெலஸ்கோப்பில் இந்த மாதிரியெல்லாம் வருமாப்பா?" என்று எனக்கே ஒரு கேள்வி. அளவுக்கு மீறிக் கூர்மையாக்கியதில் பக்கத்து நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு கருப்பு வளையம் விழுந்திருந்தது, அதை வைத்துத்தான் என் படம் என்றே அடையாளம் தெரிந்தது. நான் எடுத்ததுதான் சித்தப்பா என்றேன். சிரிக்கிற பொம்மை ஒன்று பதிலாக வந்தது.

சரி, உங்கள் 80 மி.மீ. இருக்கட்டும். முதலில் எம்27-ஐ (டம்பெல் நெபுலா) எடுங்கள், 8 ஆர்க்மினிட், உங்கள் படத்தில் 250 பிக்சல் அளவுக்கு வரும். ஹெலிக்ஸ் அதைப் போல மூன்று மடங்கு பெரியது, ஆனால் வெளிச்சம் பரந்து நீர்த்துக் கிடப்பதால் அதற்கு ஃபில்டரும் நீண்ட எக்ஸ்போஷரும் வேண்டும். அப்புறம் எம்57-க்குத் திரும்புங்கள். பாட்டினாவ் மாஸ்க் (ஃபோகஸ் சரியா என்று காட்ட, குழாயின் வாயில் மாட்டும் கோடு வெட்டிய தட்டு) வைத்து ஃபோகஸ், ஃபில்டர் இல்லாமல் தலா 10 நொடியில் 300 படம், நடுவே டிதரிங் (ஆமாம், என்னை மாதிரி விட்டுவிடாதீர்கள்), ஸ்டாக் செய்யும்போது 2 மடங்கு டிரிசில் (படங்களை இன்னும் நுண்ணிய பிக்சல் கட்டத்தில் சேர்க்கும் முறை). ஓட்டை தெரியும். தெரிந்ததும் படத்தைப் போடுங்கள், ஆனால் பெயரை ஓரத்தில் போடாதீர்கள், வெட்டிவிடுவார்கள். அந்த ஓட்டைக்குள் போடுங்கள்.