மலை ஈரத்தில் பழைய டைவ் கடிகாரத்தின் நிலையை எப்படி அறிவது?

உதகையில் வசிக்கும் நீங்கள், 1960களைச் சேர்ந்த இரட்டைத் திருகு (பக்கவாட்டில் கையால் திருப்பும் இரண்டு குமிழ்கள் கொண்ட) டைவ் கடிகாரம், அதாவது முக்குளிப்போர் நீருக்குள் அணியும் கடிகாரம் ஒன்று விலைக்கு வந்திருப்பதாகவும், அதன் டயல் புதிதுபோல் பளிச்சென்று இருப்பதாகவும் எழுதி, நம்பி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குன்னூரில் இருந்துகொண்டு இத்தகைய கடிகாரங்களைப் பல ஆண்டுகளாகச் சேர்த்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பளிச்சென்ற டயலைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

இந்த வகைக் கடிகாரங்களின் காலம் 1953ஐ ஒட்டித் தொடங்குகிறது. பிரெஞ்சுக் கடற்படையின் முக்குளிப்பு வீரர்கள் பயன்படுத்திய, சுவிஸ் நிறுவனமான பிளாங்பானின் ‘ஃபிஃப்டி ஃபேதம்ஸ்’ அந்த ஆண்டில் வந்தது. நம் மீனவர்கள் ‘பாகம்’ என்று சொல்லும் கடல் ஆழ அளவையில் ஐம்பது, அதாவது ஏறத்தாழ 91 மீட்டர் என்பதே அந்தப் பெயரின் பொருள். ரோலெக்ஸ் சப்மரீனரும் அதே காலத்தது. ஒமேகா சீமாஸ்டர் 300 1957இலும், சீக்கோவின் முதல் டைவ் கடிகாரம் 1965இலும் வந்தன. இவை என் கைக்கு எட்டாத விலை. நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைப்பவை பெரும்பாலும், எப்சா என்ற சுவிஸ் நிறுவனத்திடம் ‘சூப்பர் கம்ப்ரசர்’ என்னும் நீர்புகாக் கடிகாரக் கூடுகளை (மெஷினைக் காக்கும் உலோக உறைகளை) வாங்கித் தங்கள் பெயரில் விற்ற நிறுவனங்களின் கடிகாரங்களே. நீங்கள் சொல்வதும் அந்த வகையாக இருக்கலாம். அப்படியானால் பின்மூடியைத் திறக்கும்போது அதன் உட்புறத்தில் முக்குளிப்போர் அணியும் தலைக்கவச முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்தக் கூட்டின் அமைப்பைப் புரிந்துகொண்டால் நம் மலையில் அதற்கு ஏன் கேடு வருகிறது என்பதும் புரியும். ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தம் பின்மூடியை ரப்பர் வளையத்தின்மேல் மேலும் இறுக்கும் வகையில் அது செய்யப்பட்டது. நிலத்தில் அந்த அழுத்தம் கிடையாது; அறுபது ஆண்டுகளில் ரப்பரும் கல்லாக இறுகியிருக்கும். ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு அளவே என்பதால், அடைப்புச் சரியில்லாத கடிகாரம் மலையேறும்போது உள்ளிருக்கும் காற்றை வெளியே விட்டு, இறங்கும்போது ஈரக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கோயம்புத்தூரில் குறையே தெரியாமல் நான் வாங்கிய ஒரு கடிகாரத்தில், மாலைப் பேருந்து பர்லியாரைத் தாண்டிக் குளிர் ஏறியதும் கண்ணாடிக்கு உட்புறம் மூடுபனிபோல் ஆவி படிந்துவிட்டது. அன்றுமுதல் எதை வாங்கினாலும் அதை உள்ளங்கையில் சற்றுநேரம் வைத்துச் சூடாக்கி, கண்ணாடியின்மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த நீரை விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்க்கிறேன். உட்புறம் ஆவி தெரிந்தால், விலை எதுவானாலும் மெஷினைத் திறந்து பார்க்காமல் பேச்சை முடிப்பதில்லை. திறந்தவுடன் முதலில் திருகின் தண்டையும் அதைச் சுற்றியுள்ள பாகங்களையும் பார்க்க வேண்டும். நீர் பெரும்பாலும் அந்த வழியாகவே நுழைகிறது, துருவும் அங்கேயே தொடங்குகிறது.

இனி டயல். நம் நாட்டுப் பழைய கடிகாரச் சந்தையில் மறுவண்ணம் பூசிய டயல்கள் ஏராளம். எழுத்துகளின் விளிம்பு தடித்திருப்பது, நிமிடக் கோடுகள் குறியீடுகளோடு பொருந்தாமல் விலகியிருப்பது ஆகியவற்றை லென்ஸ் வைத்துப் பார்த்தால் கண்டுபிடிக்கலாம். ஒளிரும் பூச்சு இன்னும் நேர்மையான சாட்சி. 1960களின் தொடக்கம்வரை ரேடியமும், அதன்பின் டிரிட்டியமும் பூசினார்கள். டயலின் அடியில் ‘ஸ்விஸ்’ என்பதன் இருபுறமும் ‘டி’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது டிரிட்டியம். அதன் அரை ஆயுள், அதாவது அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம், 12.3 ஆண்டுகள் என்பதால் அறுபது ஆண்டுகளில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே மிஞ்சியிருக்கும். அப்படிப்பட்ட டயல் இரவு முழுவதும் ஒளிர்ந்தால் யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். முட்களின் பூச்சும் டயலின் பூச்சும் ஒரேபோல் பழுத்திருக்க வேண்டும். ரேடியத்தின் அரை ஆயுளோ 1600 ஆண்டுகள். ஒளி செத்துப்போனாலும் கதிர்வீச்சு ஓயவில்லை. ஆகவே அத்தகைய டயலைச் சுரண்டவோ, வீட்டில் திறந்து தூசியை ஊதவோ கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

கூட்டைப் பொறுத்தவரை கீறல்களைப் பொருட்படுத்த வேண்டாம். வார் மாட்டும் கொம்புகளின் விளிம்புகள் கூர்மையாக இருக்கின்றனவா என்பதே முக்கியம். நான் எண்ணெய் போட்டுத் தரும்படி மட்டும் சொல்லிக் கொடுத்த ஒன்றை, ஒரு கடையில் கேட்காமலே பாலீஷ் செய்து கொம்புகளைச் சோப்புக்கட்டிபோல் வழவழப்பாக்கித் தந்தார்கள். போன உலோகம் போனதுதான். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கண்ணாடி, ரப்பர் வளையம், வில் ஆகியவை மாற்றப்பட்டிருந்தால் அது குறையன்று.

வாங்கினால், எங்கள் பக்கத்து ஐப்பசி மழைக்காலத்தில் நான் செய்வதுபோல, காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மர அலமாரியில் வைத்தால் டயலிலேயே பூஞ்சை பிடிக்கும். அதற்குமுன் விற்பவரிடம், பின்மூடியின் உட்புறத்தையும் மெஷினையும் தெளிவாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள்.