தசையைச் சரிசெய்யும் ஸ்டெம் செல்கள் தீர்ந்துபோகாதா?

தசை நார் தானாகப் பிரிந்து பெருகாது என்றால் கிழிந்த தசை எப்படி ஆறுகிறது, ஆற்றும் ஸ்டெம் செல்கள் ஒருநாள் தீர்ந்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான சந்தேகம்தான்.

ஒவ்வொரு தசை நாரையும் மெல்லிய உறை ஒன்று சுற்றியிருக்கிறது. அந்த உறைக்கும் நாருக்கும் நடுவே ஒட்டிக்கொண்டு தூங்குகின்றன சாட்டிலைட் செல்கள். நீங்கள் கேட்ட ஸ்டெம் செல்கள் இவைதான். 1961-இல் அலெக்சாண்டர் மௌரோ தவளைத் தசையை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது கண்ணில் பட்டவை இவை. துணைக்கோள் போல நாரின் ஓரத்தில் இருந்ததால் அந்தப் பெயர்.

நார் சேதமானதும் இவை விழித்துப் பெருகத் தொடங்கும். அவற்றில் பெரும்பாலானவை மயோடி என்ற புரதத்தின் தூண்டுதலில் தசைச் செல்லாகி, ஒன்றோடொன்று இணைந்து புது நாராகும். இல்லையென்றால் பழைய நாரோடு கலந்துவிடும். எல்லாமே இப்படிப் போனால் கையிருப்பு காலிதான். ஆனால் சில செல்கள் பேக்ஸ்7 புரதத்தை விடாமல் வைத்துக்கொண்டு, மயோடியைக் குறைத்து, மறுபடி உறைக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். சில சமயம் ஒரு செல் இரண்டாகும்போதே ஒன்று வேலைக்கு, ஒன்று இருப்புக்கு என்று பங்கு பிரிந்துவிடும்.

அப்புறம், அடிபட்ட தசையில் வரும் வீக்கத்தை வெறும் தொல்லை என்று நினைக்க வேண்டாம். அப்போது வந்து சேரும் மேக்ரோஃபேஜ்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள்தான் சிதைந்த நாரைத் தின்று அகற்றுகின்றன, ஸ்டெம் செல்களையும் பெருகத் தூண்டுகின்றன. வயதாக ஆக சாட்டிலைட் செல்கள் குறையும், விழிப்பதும் மந்தமாகும்.