மூக்கை மட்டும் நம்பாதீர்கள்
உங்கள் டீசல் வண்டியின் அளவுக்கோலில் எஞ்சின் எண்ணெய் மட்டம் ஏறுகிறது, டீசல் வாடையும் அடிக்கிறது, எண்ணெயில் டீசல் கலந்திருக்குமோ என்று எழுதியிருக்கிறீர்கள். வாடையை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போதே ஒரு துளி எடுத்து வடிதாளில் விடுங்கள். பக்கத்தில் அதே ரகப் புது எண்ணெய் ஒரு துளி. தாள் கிண்ணத்தின் வாய்மேல் கிடக்கட்டும், நடுப்பகுதி எதிலும் படக்கூடாது. மறுநாள் கரும்பொட்டுக்கு வெளியே வெளிர்ந்த வளையம் அகலமாகப் பரவியிருந்தால் டீசலைச் சந்தேகிக்கலாம்.

உறுதிசெய்ய ஆய்வகம்தான் வழி. பாகுநிலையோடு (எண்ணெய் எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பது) தீப்பற்றும் வெப்பநிலையையும் கட்டாயம் கேளுங்கள். எஞ்சினில் சேரும் புகைக்கரி எண்ணெயைத் தடிக்க வைக்கும், டீசல் நீர்க்க வைக்கும். இரண்டும் சேர்ந்தால் பாகுநிலை சரியாக இருப்பதுபோல் ஏமாற்றிவிடும். டீசல் கலந்தால் தீப்பற்றும் வெப்பநிலை இறங்கும், அதனால் அது டீசலைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மட்டம் மேல்குறியைத் தாண்டியிருந்தால், தயவுசெய்து ஆய்வக முடிவு வரும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.