பள்ளிகளில் கதை, ஓவியப் பயிலரங்கு நடத்த ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

சேலத்தில் இருக்கிறேன். பிள்ளைகளுக்குப் படக்கதைப் புத்தகங்கள் எழுதி வரைகிறேன். மாதம் இரண்டு மூன்று பள்ளிகளுக்காவது போய்விடுவேன். உங்களுக்கு ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன்: முதல் படத்தைப் பலகையில் நீங்கள் வரைந்து காட்டாதீர்கள்.

ஏற்காட்டில் ஒரு பள்ளியில் "உங்க ஊரை வரைங்க" என்றேன். முக்கால்வாசித் தாள்களில் இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், கீழே ஓடை, ஓரத்தில் குடிசை. மலையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள்! வாசலுக்கு வந்தால் காப்பிச் செடி, சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகுக் கொடி, பனிமூட்டம். அதெல்லாம் தாளில் வரவே இல்லை. எப்போதோ யாரோ பலகையில் போட்டுக் காட்டிய மலைதான் வந்தது.

சரி, தாளை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, "காலைல வர்ற வழியில என்ன பார்த்தீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தோட்டத்துக்குள் காட்டெருமை நின்றதையும், அது நகரும்வரை அண்ணனோடு பாறைக்குப் பின்னால் காத்திருந்ததையும் சொன்னாள். நான் கொண்டுபோன கதையிலும் ஒரு காட்டெருமை உண்டு. அதை எடுத்துக் காட்டியதும் விரலை வைத்து, "மிஸ், காலு தப்பு. முட்டிக்குக் கீழ வெள்ளையா இருக்கும், சாக்ஸ் போட்ட மாதிரி" என்றாள். உண்மைதான். அவள் வரைந்தபோது உடம்பு முழுக்கக் கறுப்பு கிரேயானை அழுத்தித் தேய்த்துவிட்டு, காலை மட்டும் தாளின் வெள்ளையாகவே விட்டாள். அன்று ராத்திரியே என் படத்தை மாற்றினேன்.

ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் ஒரு புத்தகமே முடித்துவிடலாம். ஏ4 தாளை மூன்று முறை மடித்தால் எட்டுக் கட்டம். நடுவில் மட்டும் கத்தரியால் ஒரு வெட்டு. திருப்பி மடித்தால் அட்டை இரண்டு, உள்ளே ஆறு பக்கம். படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம் வருவதும் மடிப்புக் கணக்கால்தான். இருபுறமும் அச்சடித்த பெரிய தாளை மூன்று முறை மடித்தால் 16 பக்கம், இரண்டு தாளுக்கு 32. இதைச் சொன்னதும் பிள்ளைகள் மடித்து எண்ணத் தொடங்கிவிடுவார்கள். கதையை முதலில் வாயால் சொல்ல விடுங்கள். எழுத்துப்பிழையை அன்றைக்குத் தொடவே வேண்டாம்.

பரிசு விஷயத்தைத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஒரு பள்ளியில் நான் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் மூன்று பேருக்குப் பரிசு கொடுத்தார்கள். முன்வரிசைப் பையன் அதுவரை எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்த தன் புத்தகத்தைக் கசக்கி டவுசர் பைக்குள் திணித்துக்கொண்டான். இப்போதெல்லாம் ஒரு சணல் கயிறும் துணிக் கிளிப்புகளும் கையோடு எடுத்துப் போகிறேன். எல்லாப் புத்தகமும் வகுப்பறையில் தொங்கும். யாருக்கு எது வேண்டுமோ எடுத்துப் படிக்கலாம்.