துடிக்கும் விண்மீன்களை வைத்து பால்வீதியின் வடிவத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

துடிக்கும் விண்மீன் என்பது சீரான இடைவெளியில் உப்பிச் சுருங்கி, அதனால் ஒளி கூடிக் குறையும் விண்மீன். அதன் மேற்பகுதியில் உள்ள ஹீலியம் அடுக்கு உள்ளிருந்து வரும் வெப்பத்தைத் தேக்கும்போது விண்மீன் உப்புகிறது. உப்பிக் குளிர்ந்ததும் வெப்பம் வெளியேறிவிட, மறுபடி சுருங்குகிறது.

இவற்றில் செஃபீடு என்ற வகைதான் தூரம் அளக்கக் கைகொடுக்கிறது. துடிப்பு எவ்வளவு மெதுவோ, அசல் ஒளி அவ்வளவு அதிகம் என்று 1912-இல் அமெரிக்க வானியலாளர் ஹென்ரியட்டா லெவிட் காட்டினார். வானியலில் இதைவிடப் பயனுள்ள கண்டுபிடிப்பு குறைவு என்பேன். நாட்களை எண்ணினாலே அசல் ஒளி தெரிந்துவிடுகிறதே!

கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் இரவில் நின்று கீழே சமவெளி விளக்குகளைப் பாருங்கள். ஒரு விளக்கு எத்தனை வாட் என்று தெரிந்தால், எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாம். நடுவே பனிமூட்டம் வந்தால் கணக்கு பிசகும். விண்வெளித் தூசியும் அப்படித்தான். அதற்காக, தூசியை எளிதில் கடந்து வரும் அகச்சிவப்பு ஒளியிலும் அளந்து சரிசெய்கிறார்கள்.

இப்படி 2,400-க்கும் மேற்பட்ட செஃபீடுகளின் இடத்தைக் குறித்து, போலந்து வானியலாளர்கள் 2019-இல் ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். பால்வீதி தட்டையான வட்டு அல்ல, ஒரு ஓரம் மேலேயும் எதிர் ஓரம் கீழேயும் வளைந்தது என்று அதில் தெளிவாகத் தெரிந்தது.

திருவோண விண்மீனுக்குக் கொஞ்சம் தெற்கே உள்ள ஈட்டா அக்விலேயும் ஒரு செஃபீடுதான். சுமார் 7 நாளுக்கு ஒருமுறை துடிக்கும். மலையில் வானம் தெளிந்த இரவுகளில் வெறுங்கண்ணுக்கே தெரியும்.

அப்புறம், விண்மீன் மினுமினுப்பதையே துடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். மினுமினுப்பு நம் காற்று மண்டலத்தால் நொடிக்கு நொடி வருவது. செஃபீடின் துடிப்போ விண்மீனுக்குள்ளேயே நாள்கணக்கில் நடப்பது.