கேள்வி பதில்: பாட்டு கிளாஸ் டானிக்கும் மருந்துக்கடை டானிக்கும்

கே: பொண்ணு கீபோர்டு கிளாஸும் போறா, வாய்ப்பாட்டும் கத்துக்கறா. கீபோர்டு சார் "இந்த இடத்துல டானிக் மாறுது பாரு"ங்கறார். பாட்டு டீச்சரோ "ஸ நகரவே கூடாது"ங்கறாங்க. யாரு சொல்றது சரி? இந்த டானிக்குக்கும் நாம குடிக்கிற டானிக்குக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா?
- வாசகி, மேற்கு மாம்பலம்

ப: ரெண்டு பேருமே சரியாத்தான் சொல்றாங்கம்மா. ஒரு பாட்டு எந்த சுரத்துல வந்து நின்னா காதுக்கு "அப்பாடா, முடிஞ்சுது"ன்னு தோணுமோ அதான் டானிக், நம்ம பாட்டுல அதுக்கு ஆதார ஷட்ஜம்னு பேரு. வெஸ்டர்ன்ல சி மேஜர்ல, அதாவது சி-ஐ டானிக்கா வெச்சு, ஆரம்பிக்கிற ஒரு பீஸ் நடுவுல ஜி மேஜருக்குப் போயி, கொஞ்ச நேரம் ஜி-தான் டானிக்கா இருந்து, கடைசியில சி-க்கே திரும்பி வரும், அப்படிப் போயிட்டு வர்றதுலதான் அந்த சங்கீதத்தோட பாதி ரசனையே இருக்கு. நம்ம கச்சேரியில தம்புரா ஆரம்பத்துலேர்ந்து மங்களம் வரைக்கும் ப, ஸ, ஸ, கீழ் ஸ-ன்னு விடாம மீட்டிக்கிட்டே இருக்கு, அதனால பாடகர் எந்த கட்டையில, அதாவது எந்த சுருதி உயரத்துல, ஸ வெச்சாங்களோ அன்னிக்கு முழுக்க அதான் ஸ, மத்த ஒவ்வொரு சுரத்தையும் அதோட ஒப்பிட்டுத்தான் காது கேக்குது.

கட்டைக் கணக்கு உங்க பொண்ணுக்கு ஈஸியா புரியும். கீபோர்டுல சி-தான் 1 கட்டை, வெள்ளை எல்லாம் 1 லேர்ந்து 7, கறுப்பு எல்லாம் அரை, அதாவது 1-க்கும் 2-க்கும் நடுவுல இருக்கிற கறுப்பு 1½. 3-க்கும் 4-க்கும் நடுவுல கறுப்பு கிடையாது, அதனால 3½ கட்டைன்னு ஒண்ணு இல்லவே இல்ல. இப்ப கறுப்புக் கட்டை அஞ்சை மட்டும் வெச்சு ஒரு வேலை செய்யச் சொல்லுங்க, எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் இது. 4½-ஐ ஸ-ன்னு வெச்சுக்கிட்டு கறுப்பிலேயே மேல போனா மோகனம். அதே அஞ்சு கட்டைதான், ஒண்ணும் மாத்தல, ஆனா 5½-ல ஸ வெச்சா மத்யமாவதி, 6½-ல வெச்சா ஹிந்தோளம், 1½-ல சுத்த சாவேரி, 2½-ல சுத்த தன்யாசி. ஒவ்வொரு தடவையும் அந்தந்த ஸ-வுக்கு ஸ்ருதிப் பெட்டியையும் மாத்தி வெச்சு வாசிக்கணும், அப்பதான் ராகம் மாறுறது காதுல விழும், இல்லன்னா எல்லாம் மோகனம் மாதிரியே கேட்டுக்கிட்டு இருக்கும். கீபோர்டுல கமகம், அதாவது சுரத்தை வளைச்சு அசைக்கிறது, வராதுதான், பரவாயில்ல, டானிக்னா என்னன்னு ஒரு குழந்தைக்குப் புரிய இதை விட நல்ல வழி எனக்குத் தெரியல. இப்படி சுரங்களை மாத்தாம ஸ-வை மட்டும் நகர்த்தறதுக்குத்தான் கிரகபேதம்னு பேரு, சிலப்பதிகார காலத்துலேயே பண்ணுப் பெயர்த்தல்னு சொல்லி குரல், துத்தம், கைக்கிளைன்னு ஏழு சுரத்தையும் மாத்தி மாத்தி முதலா வெச்சுப் பார்த்திருக்காங்க, நம்ம ஆளுங்களோட காதை நினைச்சா பெருமையா இருக்கு.

டீச்சர் சொன்ன "நகரவே கூடாது"க்கும் ஒரு விதிவிலக்கு இருக்கு. புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, குறிஞ்சி, செஞ்சுருட்டி மாதிரி ராகங்களை மத்யம ஸ்ருதியில பாடுவாங்க, அதாவது ம இருக்கிற இடத்தையே ஸ-வா எடுத்துக்குவாங்க. ஆனா அப்பவும் பாட்டு முடியிற வரைக்கும் அங்கேயேதான் இருப்பாங்க.

ரெண்டாவது கேள்விக்கு: சம்பந்தம் இருக்கு. கிரேக்கத்துல டோனோஸ்னா இழுத்துக் கட்டின விறைப்பு. தந்தியை முறுக்கினா சுருதி ஏறுது, அது பாட்டுப் பக்கம் போச்சு. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வைத்தியர்கள் உடம்புல இருக்கிற நாரெல்லாம் தளர்ந்து போனா சீக்கு வரும்னு நம்பினாங்க, அந்தத் தளர்ச்சியைப் போக்கி முறுக்கேத்துற மருந்துக்கு டானிக்னு பேரு வந்துச்சு. அந்த வைத்தியம் போயிடுச்சு, பேரு மட்டும் மருந்து பாட்டில் மேல நின்னுடுச்சு.

கே: எங்க அண்ணன் பையனுக்கு ஃபிட்ஸ் வந்து ஆஸ்பத்திரியில சேர்த்தோம். டிஸ்சார்ஜ் பேப்பர்ல டானிக்-குளோனிக்னு எழுதியிருக்கு. மாத்திரை மட்டும்தான் குடுத்தாங்க, அந்த டானிக்கை நாங்க வெளியில வாங்கணுமா?
- வாசகர், பெரம்பூர்

ப: வாங்க வேண்டியது எதுவும் இல்லைங்க, அது வந்த வலிப்போட பேரு. மேல சொன்ன அதே விறைப்புதான் இங்கயும். முதல்ல உடம்பு பூரா கட்டை மாதிரி விறைச்சுக்கும், மூச்சு நின்ன மாதிரி உதடு நீலமாகும், பெரும்பாலும் 10-20 செகண்ட் இருக்கும், அது டானிக். அப்புறம் கை கால் வெட்டி வெட்டி இழுக்கும், அது குளோனிக், பொதுவா ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல நின்னுடும்.

பேரை விடுங்க, மறுபடி வந்தா என்ன செய்யணும்னு வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வைங்க. பக்கத்துல இருக்கிற கூரான சாமானை எல்லாம் தள்ளிட்டு, தலைக்குக் கீழ ஏதாவது மெத்துனு வெச்சு, இழுப்பு நின்னதும் ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், எச்சில் வெளிய வழிஞ்சுடும். வாயில ஸ்பூன், துணி, விரல் எதையும் வைக்காதீங்க. கையைக் காலை அமுக்கிப் புடிக்காதீங்க. கையில சாவிக்கொத்து, இரும்பு குடுக்கற பழக்கம் நம்ம ஊர்ல இன்னும் இருக்கு, வலிப்பு தானா நிக்கிற நேரத்துல நிக்குது, இரும்பால இல்ல, அதைத் தேடிக்கிட்டு ஓடற நேரத்துல பையன் பக்கத்துல இருங்க. மணியைப் பாருங்க. 5 நிமிஷம் தாண்டினாலோ, நினைவு வராம அடுத்த வலிப்பு வந்தாலோ உடனே 108. முழுசா நினைவு திரும்பற வரைக்கும் தண்ணி கூட குடுக்கக் கூடாது. முக்கியமா, நல்லாத்தானே இருக்கான்னு மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர் சொன்னாத்தான் நிறுத்தணும்.

கே: அம்மாவுக்கு 70 வயசாகுது. நாலு படி ஏறினா மூச்சு வாங்குது, அசதின்னு சொல்றாங்க. மெடிக்கல் ஷாப்ல கேட்டு ஒரு சத்து டானிக் வாங்கிக் குடுக்கலாமா?
- வாசகி, தாம்பரம்

ப: முதல்ல ரத்தம் டெஸ்ட் பண்ணுங்கம்மா, அப்புறம் டானிக். பொம்பளைங்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ போனா ரத்த சோகைன்னு கணக்கு, ஆனா இந்த வயசுல ரத்தம் குறைஞ்சா ஏன் குறையுதுன்னு பார்த்தே ஆகணும், குடல்ல புண்ணோ கட்டியோ இருந்து கொஞ்சம் கொஞ்சமா ரத்தம் கசிஞ்சுக்கிட்டு இருக்கலாம், டானிக் குடிச்சு நம்பர் ஏறிட்டா அது மறைஞ்சே போயிடும். மூச்சு வாங்கறதுக்கு இதயம், தைராய்டு கூட காரணமா இருக்கலாம். இரும்புச்சத்துதான் குறைவுன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா, டீ காபியோட சேர்த்துக் குடுக்காதீங்க, கால்சியம் மாத்திரையும் அதே வேளைக்கு வேண்டாம், எலுமிச்சை ஜூஸோட குடிச்சா நல்லா ஏறும். மலம் கருப்பா போகும், பயப்பட வேண்டாம், ஆனா டானிக் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கருப்பா போயிருந்தா டாக்டர்கிட்ட உடனே சொல்லுங்க. சுகர் இருந்தா சர்க்கரை இல்லாத டானிக்கா கேளுங்க.

கே: ராத்திரி கெண்டைக்கால் பிடிச்சு இழுக்குது. டானிக் வாட்டர் குடிச்சா சரியாகும்னு ஃபிரண்ட் சொல்றார், அது மலேரியாவுக்கும் மருந்தாமே?
- வாசகர், அண்ணா நகர்

ப: டானிக் வாட்டர்ங்கறது ஒரு கசப்பு சோடா, அந்தக் கசப்பு குயினைன்தான் சார், சின்கோனா மரப்பட்டையிலேர்ந்து எடுக்கறது, 1820-ல பிரான்ஸ்ல அதைத் தனியா பிரிச்சாங்க. வெள்ளைக்காரன் காலத்துல நீலகிரியில சின்கோனா பயிரிட்டாங்க, ஊட்டி-கூடலூர் ரோட்டுல இருக்கிற நடுவட்டத்துல குயினைன் ஃபேக்டரியே நடந்துச்சு. ஆனா இப்ப பாட்டில்ல இருக்கிறது ரொம்பக் கம்மி. அமெரிக்க விதிப்படி லிட்டருக்கு 83 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாது, மலேரியாவுக்குப் பெரியவங்களுக்குக் குடுக்கற குயினைன் ஒரு நாளைக்கு சுமார் 1800 மில்லிகிராம், அப்ப 20 லிட்டருக்கு மேல குடிக்கணும், யாரால முடியும். கால் இழுப்புக்குக் குயினைன் மாத்திரை வேண்டாம்னு அங்க மருந்துத் துறையே எச்சரிக்கை பண்ணியிருக்கு, ரத்தத் தட்டு அணு (பிளேட்லெட்) குறையலாம், இதயத் துடிப்பு தப்பலாம். படுக்கறதுக்கு முன்னாடி கெண்டைக்காலை நல்லா நீட்டி மடக்குங்க, இழுக்கும்போது பாதத்தை உங்க பக்கமா மடக்கிப் பிடிங்க. பிரஷருக்கு நீர் பிரியற மாத்திரை சாப்பிடறீங்கன்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, நிறைய பேருக்கு இழுப்பு அதனாலயும் வருது.