பிக்அப்: ஸ்போர்ட்டா, ஆஃப்ரோடா?

கேள்வி: பழைய டொயோட்டா டகோமா ஒன்று வாங்கப் பார்க்கிறேன். 2019 மாடலில் இரண்டு வண்டி கிடைக்கிறது. இரண்டும் ஆட்டோமேட்டிக், ஃபோர் வீல் டிரைவ், ஒன்று டி.ஆர்.டி. ஸ்போர்ட், இன்னொன்று டி.ஆர்.டி. ஆஃப்ரோடு. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். வாரநாளில் ஆபீஸ், குளிர்காலத்தில் ஐ-70 நெடுஞ்சாலை வழியாகப் பனிச்சறுக்கு, கோடையில் பிள்ளைகளோடு மலையில் கூடாரம். ஸ்போர்ட்தான் பார்க்க அழகாக இருக்கிறது. எதை எடுக்கலாம்?
- ஒரு வாசகர், டென்வர், கொலராடோ

பதில்: ஆஃப்ரோடை எடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த அழகை எடுத்துக்கொள்வோம். ஸ்போர்ட்டின் பானட் மேலே காற்று உள்ளே போவதுபோல ஒரு புடைப்பு இருக்கிறதே, அது வெறும் அலங்காரம், எஞ்சினுக்கு அதனால் எதுவும் கிடைக்காது. எஞ்சின் இரண்டிலும் அதே 3.5 லிட்டர் வி6, அதே 278 குதிரைத்திறன். ஸ்போர்ட் என்ற பேரைப் பார்த்து வேகமான வண்டி என்று நினைத்துவிடாதீர்கள்.

உண்மையான வித்தியாசம் அடியில் இருக்கிறது. ஆஃப்ரோடில் பின் அச்சின் டிஃப்ரன்ஷியலை, அதாவது இரண்டு பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற பல்சக்கரத் தொகுதியை, பூட்டும் லாக்கர் உண்டு, ஸ்போர்ட்டில் கிடையாது. ஒரு பின்சக்கரம் பள்ளத்தின் மேல் அந்தரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், சாதாரண டிஃப்ரன்ஷியலில் அந்தச் சக்கரம் சும்மா சுற்றும், தரையில் இருக்கிற மற்ற சக்கரத்துக்கு இழுவை வராது. ஸ்போர்ட் இதைப் பிரேக் போட்டுச் சமாளிக்கப் பார்க்கும், ஓரளவு சமாளிக்கவும் செய்யும். லாக்கர் போட்டால் இரண்டும் ஒன்றாகத்தான் சுற்றியாக வேண்டும், வண்டி ஏறிவிடும். ஆஃப்ரோடில் கிரால் கன்ட்ரோலும் இருக்கிறது. கரடுமுரடான இடத்தில் மெதுவாக ஊரும்போது ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் வண்டியே பார்த்துக்கொள்ளும், நீங்கள் ஸ்டியரிங்கை மட்டும் பிடித்தால் போதும்.

சக்கரத்தையும் கவனியுங்கள். ஸ்போர்ட்டுக்கு 17 அங்குலம், ஆஃப்ரோடுக்கு 16. ரிம் சின்னதாக இருப்பதால் டயரின் பக்கச்சுவர் சுமார் 13 மில்லிமீட்டர் கூடுதல் உயரம், கல் ரோட்டில் காற்றைக் குறைத்து ஓட்டும்போது அது நன்றாகத் தெரியும். ஆஃப்ரோடின் ஷாக் அப்சார்பர் பில்ஸ்டீன் கம்பெனியுடையது. தார் ரோட்டில் வளைவுகளில் ஸ்போர்ட் கொஞ்சம் இறுக்கமாகத் திரும்பும், அதை ஒப்புக்கொள்கிறேன், தாரை விட்டு இறங்கவே மாட்டேன் என்கிறவருக்கு ஸ்போர்ட்டையேதான் சொல்வேன். நீங்கள் அப்படி இல்லையே. யூரே பக்கம் எஞ்சினியர் பாஸ், சின்னமன் பாஸ் என்று ஒருநாள் ஆசை வரும், 12,000 அடிக்கு மேல் கல்லும் சரிவுமாக இருக்கிற பாதைகள் அவை.

அப்புறம் இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய காரணம். ஷாக்கும் டயரும் ரிம்மும் பின்னால் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். லாக்கரைப் பின்னால் போடுவதென்றால் அச்சையே பிரிக்க வேண்டும், நிறையச் செலவு.

ஐ-70க்கு லாக்கரை நம்பாதீர்கள், இந்த வண்டியில் அது ஃபோர் லோவில்தான், அதாவது நான்கு சக்கரமும் மெதுவாக, கூடுதல் இழுவையோடு சுற்றும் கியரில்தான், வேலை செய்யும், பனி படிந்த நெடுஞ்சாலையில் அதற்கு வேலையே இல்லை. அங்கே உயிரைக் காப்பது டயர். அந்தச் சாலையில் மாரிசன், டாட்செரோ ஊர்களுக்கு இடையே செப்டம்பர் 1 முதல் மே 31 வரை ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கும் டயரின் பள்ளங்களில் குறைந்தது 3/16 அங்குல ஆழம் இருக்க வேண்டும் என்பது சட்டம். பிள்ளைகளை வைத்துக்கொண்டு போகிறீர்கள், பனிக்கால டயருக்குத் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள்.

வாங்குமுன் பக்கவாட்டு ஸ்டிக்கரை நம்ப வேண்டாம், அதை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். கண்ணாடிக்கு மேலே கூரையில் லாக்கர் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். மண் தரையில் ஃபோர் லோ போட்டு, சுவிட்சை அழுத்தி, சில அடி மெதுவாக உருட்டுங்கள். மீட்டரில் மின்னுகிற லாக்கர் விளக்கு நிலையாக எரிய வேண்டும். எரியவில்லை என்றால் அதைச் சரிசெய்து கொடுக்கும்வரை விலை பேசாதீர்கள்.